மீதி தூரம்

முன்சீட்டின் முதுகிலிருந்த திரையில் மீதி தூரம் கூடியிருந்தது.

கண்ணசருவதற்கு முன் பார்த்தபோது இதைவிடக் குறைவாகத்தான் இருந்தது. அவளுக்கு டிக்கெட் போடும் அலுவலகத்தில் வேலை. எந்த ஊருக்கு எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். பறக்கப் பறக்கத் தூரம் கூடுகிற விமானத்துக்கு அவள் யாருக்கும் டிக்கெட் போட்டதில்லை.

"சீக்கிரம் வாக்கா. அம்மா கண்ணு வாசல்லயே இருக்கு" என்று தம்பி போனில் அழுதிருந்தான்.

ஜன்னல் மறைப்புகளை எல்லாம் இறக்கியிருந்தார்கள். ஆறிப்போன சாப்பாடு, கழிப்பறை மருந்து, அத்தனை பேரின் மூச்சு எல்லாம் கலந்து புளித்த காற்றுக்கு அடியில், புண்ணில் கட்டிய துணியை நாள்கணக்கில் மாற்றாத வாடை ஒன்று விட்டு விட்டு வந்தது. திரும்பினாள். பின்சீட்டிலிருந்து யாரோ காலை நீட்டி, இடுக்கு வழியாக அவளுடைய கைப்பிடிமேல் வைத்திருந்தார்கள். சாம்பல்நிறக் காலுறை, நுனியில் ஈரம்.

சே, என்ன ஜென்மங்களோ! முழங்கையால் இடித்துத் தள்ளினாள். கால் பின்வாங்கியது. திரையில் தூரம் இன்னும் கூடியது.

பணிப்பெண்ணைக் கூப்பிட்டுப் புகார் சொன்னாள். அவள் எட்டிப் பார்த்துவிட்டு, "பின்னாடி காலி சீட்தானே மேடம்?" என்றாள்.

பணிப்பெண் போனதும் கால் திரும்ப வந்தது. இப்போது காலுறையைக் கிழித்துக்கொண்டு ஒரு நகம் எட்டிப் பார்த்தது. மஞ்சளாக, தடியாக. அந்த வாடை அவளுக்குத் தெரிந்த வாடைதான்.

போன முறை போயிருந்தபோது, படுக்கையில் கிடந்த அம்மா கேட்டாள். "நகம் மட்டும் வெட்டி விடேம்மா. குத்துது." எப்போதோ கதவில் நசுங்கி இரண்டாகப் பிளந்த பெருவிரல் நகம். பார்த்ததுமே இவளுக்குக் குமட்டியது. "நர்ஸ் வெட்டுவாங்கம்மா" என்று போர்வையை இழுத்து மூடிவிட்டாள்.

மறுபடி தள்ளினாள். தூரம் கிடுகிடுவென ஏறியது. புறப்பட்டபோது இருந்த தூரத்தையும் தாண்டி ஏறியது.

புரிந்துவிட்டது. தள்ளினால் போய்ச் சேர மாட்டாள். அம்மாவைப் பார்க்கவே மாட்டாள்.

மூச்சை அடக்கினாள். காலைப் பிடித்தாள்.

சில்லென்று, கொழகொழவென்று இருந்தது. விடவில்லை. தூரம் சரசரவென இறங்கியது.

காலுறையை உருவினாள். தோலும் சேர்ந்து உரிந்து வந்தது. உள்ளே பெருவிரல். நகம் இரண்டாகப் பிளந்திருந்தது.

திரையில் சுழியம்.

"வந்துட்டியாம்மா?" பின்சீட்டிலிருந்து குரல் வந்தது. "வெட்டி விடு."

கால்விரல்கள் அவள் கையைச் சுற்றி மடங்கின. இறுகின.

மறுபக்கத்து இடுக்கு வழியாக இன்னொரு கால் மெதுவாக நீண்டு வந்து, அவள் கன்னத்தில் ஈரமாக ஒட்டிக்கொண்டது.