ஊதி அழைத்தவள்

கொசுக்கள் அவள் கையில் உட்காரவில்லை.

மலேரியா ஆய்வுக்கூடத்தின் கொசு வளர்ப்பறையில் வெளிச்சத்தைத் தலைகீழாக மாற்றி வைத்திருப்பார்கள். வெளியே சுள்ளென்று வெயில் அடிக்கும்போது உள்ளே இரவு. இருட்டினால்தான் இந்த மகாராணிகளுக்குப் பசிக்கும். மங்கிய சிவப்பு விளக்கு, ஈரத்துணி வாடை, காற்றை ஈரமாக்கும் இயந்திரத்தின் முணுமுணுப்பு, இவற்றுக்கு நடுவே ஆராய்ச்சியாளர் வலைக்கூண்டின் துணிக்குழாய்க்குள் முழங்கைவரை கையை நுழைத்துக் காத்திருந்தாள். கிருமி ஏற்றாத கொசுக்கள்தான், கடித்தால் பயமில்லை. இன்று ரத்தம் குடித்தால்தான் முட்டையிடும். முட்டையிட்டால்தான் புது மருந்தைச் சோதிக்க அடுத்த தலைமுறை கிடைக்கும்.

விடுமுறை நாள். கட்டடத்தில் ஈ காக்கை இல்லை. மேசைமேல் இருந்த கைப்பேசியில் அக்காவின் குரல் மட்டும்.

"ஏண்டி, லீவு நாள்லகூட அங்கதானா? துணைக்கு யாராவது இருக்காங்களா?"

"இருக்காங்களே, கூண்டு நிறைய."

"விளையாடாதடி. வீட்டுக்குக் கிளம்பு."

"வீட்ல எனக்காக யாருக்கா காத்துக்கிட்டு இருக்கா? இதுங்களாவது காத்திருக்கும்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அக்கா பேசி முடித்து வைத்ததும் மறுபடி கூண்டுக்குள் பார்த்தாள். கொசுகூடத் தன்னைச் சீந்தவில்லை என்பது அவளுக்கு நிஜமாகவே வலித்தது.

வராத கொசுவை மூச்சால் அழைப்பது அங்கே வழக்கம். வலையருகே வாயை வைத்து லேசாக ஊதினால் ஆள் இருப்பதை மோப்பம் பிடித்து மொய்த்துவிடும். ஒருமுறை ஊதினால் போதும். அவள் நெஞ்சு காலியாகும்வரை ஊதினாள். மறுபடியும் ஊதினாள். "யாராவது வாங்களேன்" என்று அந்த மூச்சோடு சேர்த்துச் சொன்னாள்.

ரீங்காரம் எழுந்தது. அத்தனையும் கிளம்பின, ஆனால் அவள் கையை நோக்கி அல்ல. எதிர்ப்பக்க வலையில் போய் அப்பிக்கொண்டன. அங்கே வெறும் சுவர். கொஞ்ச நேரத்தில் பக்கவாட்டு வலைக்கு நகர்ந்தன, மேசையைச் சுற்றி யாரோ நடந்து வருவதுபோல. பிறகு அவள் பக்கத்து வலைக்கு. அவள் தோளுக்கு நேராக.

காது மடலில் ஈரமான மூச்சு பட்டது.

அவள் திரும்பவில்லை. முடியவில்லை.

துணிக்குழாய் அகன்றது. அவள் கையை உரசிக்கொண்டு வெதுவெதுப்பாக ஏதோ உள்ளே போனது. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. கொசுக்கள் வந்து உட்கார்ந்தன. வெறும் காற்றில். உட்கார உட்கார ஒரு முன்னங்கை தெரிந்தது. மணிக்கட்டு. விரல்கள்.

கொசுக்களின் வயிறுகள் சிவந்து உப்பின.

அவள் கையை இழுத்தாள். அந்த விரல்கள் மெல்லப் பிரிந்து, அவள் விரல்களுக்கிடையே ஒவ்வொன்றாக நுழைந்து, கோத்துக்கொண்டன.