ஷேரு ஏன் உட்கார்ந்தது?

சிறுமி நிலாப்பின் வீட்டுக்குப் பின்னால் ஒரு திராட்சைத் தோட்டம் இருக்கிறது. பேருக்குத்தான் தோட்டம். கொடிகளைப் போரின்போது கொளுத்திவிட்டார்கள். மண்ணுக்குள் கண்ணிவெடிகளைப் புதைத்துவிட்டு, புதைத்தவர்கள் தங்கள் பாட்டுக்குப் போய்விட்டார்கள். எங்கே புதைத்தோம் என்று ஒரு துண்டுச் சீட்டுகூட எழுதி வைக்கவில்லை, புண்ணியவான்கள்!

போன வருஷம் ஆட்டுக்குட்டியைத் துரத்திக்கொண்டு அதற்குள் போன அண்ணன் இத்ரீஸ், இடது காலை இழந்தான். ஆட்டுக்குட்டி பத்திரமாக வீடு வந்து சேர்ந்தது.

"அதுக்குக் கால் நாலு, எனக்கு ரெண்டுதான். போயும் போயும் என்கிட்டயா பிடுங்கணும்?" என்பான் இத்ரீஸ். சிரித்துக்கொண்டேதான் சொல்வான். கேட்கிறவர்களுக்குத்தான் சிரிப்பு வராது.

இந்த வசந்தத்தில் ஒருவழியாகக் கண்ணிவெடி அகற்றும் குழு வந்தது. ஆபத்தான இடத்தைச் சுற்றிச் சிவப்புப் பூசிய கற்களை வைத்தார்கள். சோதித்து முடித்த இடத்தில் சிவப்பை எடுத்துவிட்டு வெள்ளைக் கற்களை வைத்தார்கள். பத்து நாள் வேலை. அப்புறம் அடுத்த ஊர்.

பிள்ளைகள் பாபா என்று கூப்பிடும் அப்பா, நடுவதற்காகத் திராட்சைத் தண்டுகளை வெட்டி, ஈரச் சாக்கில் சுற்றி வீட்டு மூலையில் வைத்திருந்தார். அவை மொட்டு விட ஆரம்பித்திருந்தன. சீக்கிரம் மண்ணில் நடாவிட்டால் அடுப்பெரிக்கத்தான் ஆகும்.

குழுவில் ஷேரு என்ற நாயும், அதை நடத்தும் சாபிர் மாமாவும் இருந்தார்கள். நீளக் கயிற்றின் முனையில் ஷேரு மூக்கைத் தரையில் வைத்து நேர்கோட்டில் நடக்கும். வெடிமருந்து வாசனை வந்தால் அசையாமல் உட்கார்ந்துவிடும். உடனே சாபிர் மாமா ஒரு ரப்பர் பந்து கொடுப்பார். அந்தப் பந்துக்காகத்தான் அதன் பாடெல்லாம். பிறகு ஆட்கள் வந்து அந்த இடத்தை மெதுமெதுவாகக் கிளறுவார்கள்.

ஊரில் யாரும் நாயை அண்ட விடமாட்டார்கள். நாய் வாய் வைத்த பாத்திரத்தை ஏழு தடவை கழுவுகிற ஊர் அது.

"அது கிட்டப் போனே, தோலை உரிச்சிடுவேன்!" என்றாள் அம்மா.

நிலாப் கிட்டப் போகவில்லை. மண்சுவர் மேல் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாள். முதல் நாள் காலையில் ஷேரு சுவருக்குக் கீழே வந்து, அவளைப் பார்த்தபடி உட்கார்ந்தது. பாவம், பசி போலிருக்கிறது என்று நினைத்தாள். சட்டைக் கைக்குள் வைத்திருந்த ரொட்டியில் ஒரு துண்டை எறிந்தாள். லபக்! சாபிர் மாமா முகக்கவசத்தை மாட்டுவதில் மும்முரமாக இருந்தார். அவர் கவனிக்கவில்லை.

மறுநாளும் ஒரு துண்டு. அடுத்த இரண்டு நாள் பள்ளிக்கூடம். ஐந்தாம் நாளும் ஆறாம் நாளும் மறுபடி சுவர், மறுபடி ரொட்டி.

ஆறாம் நாள் மதியத்துக்குள் ஷேரு சுவரோரமாக மொத்தம் நான்கு முறை உட்கார்ந்தது. நான்கு முறையும் ஆட்கள் வியர்க்க வியர்க்கக் கிளறினார்கள். ஒரு துருப்பிடித்த ஆணிகூட இல்லை.

"சாபிரு, உன் நாய்க்கு வயசாயிடுச்சுய்யா. உக்கார்றதுக்குன்னே வேலைக்கு வருது!" என்று கேலி செய்தார்கள். சாபிர் மாமாவின் முகம் சிறுத்துப் போனது.

குழுத் தலைவர் வாஹித் சிரிக்கவில்லை. "நம்ப முடியாத நாயை வெச்சுக்கிட்டு ஒரு அடிகூட எடுத்து வைக்க முடியாது. இது சோதிச்ச இடத்துல எல்லாம் திரும்பச் சிவப்புக் கல்லை வைங்க."

"அப்ப எங்க தண்டு?" என்று கேட்டார் பாபா.

"அடுத்த வருஷம் பார்க்கலாம், அண்ணே."

ஆட்கள் வெள்ளைக் கற்களை ஒவ்வொன்றாக எடுத்தார்கள். சட்டைக் கைக்குள் இருந்த மிச்ச ரொட்டி நிலாப்பின் கையில் உறுத்தியது. அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் சாபிர் மாமா ஷேருவை ஜீப்பில் ஏற்றப் போனார்.

"நான்தான்! அது உக்காந்தப்பெல்லாம் நான் ரொட்டி போட்டேன்!" என்று கத்தினாள்.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்ன பண்ணியிருக்கேன்னு தெரியுதா உனக்கு?" என்றார் வாஹித். "ரொட்டி நெனப்புல அலையுற மூக்கு ஒண்ணே ஒண்ணைத் தவறவிட்டாப் போதும். வெள்ளைக் கல்லை நம்பி உங்க பாபா மண்வெட்டியோட உள்ள போவாரு."

நிலாப் இத்ரீஸின் மடித்துக் கட்டிய கால்சட்டையைப் பார்த்தாள். அம்மா முதுகில் வைத்த அடி அவளுக்கு வலிக்கவே இல்லை.

அழுதுகொண்டேதான் யோசித்தாள். "மாமா, நான் பள்ளிக்கூடம் போன ரெண்டு நாளும் ஷேரு உக்காந்துச்சா?"

சாபிர் மாமா நோட்டைப் புரட்டினார். "ஒரே ஒரு தடவை. அங்க நிஜமாவே வெடி இருந்துச்சு."

"அப்ப சுவரோரம் மட்டும்தான் கெட்டுப்போச்சு. நான் உக்காந்திருந்த பக்கம்."

வாஹித் தாடியைச் சொறிந்தார். "சரி. இது சோதிச்சதை எல்லாம் வேற நாயை வரவழைச்சு ஒரு தடவை பார்க்கலாம். நாலு நாள் கூடுதலா ஆகும். அதுக்குள்ள இது ரொட்டியை மறந்தா மிச்ச நிலத்துக்கு வரலாம். மறக்கலேன்னா வேலையை விட்டு அனுப்பிடுவேன்."

"யார் மறக்க வைக்கிறது?" என்று கேட்டாள் நிலாப்.

"பழக்கினவங்கதான்," என்றார் சாபிர் மாமா.

மறுநாள் காலை நிலாப், சட்டைக் கைக்குள் ரொட்டியை வைத்துக்கொண்டு சுவர் மேல் நின்றாள். ஷேரு வந்து உட்கார்ந்து, நாக்கைத் தொங்கவிட்டு அவளைப் பார்த்தது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அது முனகியது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். இரண்டாம் நாள் அது குரைத்தது. 'பாவி, உன்னால்தானே எல்லாம்!' என்று தன்னையே திட்டிக்கொண்டாள். மூன்றாம் நாள் ஷேரு ஒருமுறை நிமிர்ந்து பார்த்தது. பிறகு மூக்கைத் தரையில் வைத்துக்கொண்டு போய்விட்டது.

அதற்காகத்தான் அவள் அங்கே நின்றாள். ஆனாலும் அது போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இன்னும் சோதிக்காத மூலையில் ஒரு பட்டுப்போன முசுக்கட்டை மரம் நிற்கிறது. பத்தாம் நாள் ஷேரு அதனடியில் போய் உட்கார்ந்தது.

"மறுபடியுமா?" என்று யாரோ சலித்துக்கொண்டார்கள். எல்லாருடைய கண்ணும் சுவரைத் தேடியது. நிலாப் சுவர் மேல் இல்லை, வீட்டுக்குள் இத்ரீஸுக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

ஆட்கள் கிளறினார்கள். ஒரு சாண் ஆழத்தில் வெடி இருந்தது.

"அங்கதான் முதல் குழி தோண்டுறதா இருந்தேன்," என்றார் பாபா.

மதியம் அதை வெடிக்க வைத்தார்கள். சுவர் வரைக்கும் மண் வந்து விழுந்தது. இத்ரீஸ் இரண்டு காதையும் பொத்திக்கொண்டான். அன்று முழுக்க அவன் ஒரு கேலியும் பேசவில்லை.

பதினான்காம் நாள் தோட்டத்தில் வெள்ளைக் கற்கள் மட்டும்தான் இருந்தன. பாபா சாக்கைப் பிரித்தார். பாதிக்கு மேல் காய்ந்து போயிருந்தது. அவர் நிலாப்பைத் திட்டவில்லை. காய்ந்த தண்டுகளைக் கட்டாகக் கட்டி, "அடுப்புக்குக் கொண்டு போ," என்று அவள் கையிலேயே கொடுத்தார். திட்டியிருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது. மிச்சத் தண்டுகளை நட அவளும் கூடப் போனாள். அந்த மண்ணில் அவள் கால் வைத்தது அதுதான் முதல் தடவை.

சாயங்காலம் ஜீப் கிளம்பியது. நிலாப் வெறுங்கையோடு சுவரோரம் நின்றாள். ஷேரு டயரை மோந்து பார்த்தது, தாவி ஏறியது, பந்தைக் கவ்விக்கொண்டு படுத்தது. அவள் பக்கம் திரும்பவே இல்லை.

"ஏய், அழறியா?" என்றான் இத்ரீஸ். "பாரு, உன்னைச் சுத்தமா மறந்தே போச்சு."

நிலாப் சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"நல்ல நாய்," என்றாள்.