பூட்டு இருந்த இடத்தில் ஒரு கண்

மழையா அது? வானத்தின் அடிப்பக்கமே பெயர்ந்து விழுந்தது போல ஒரு கொட்டு! துளைக்கருவியின் உறுமலைக்கூட அவள் இடியென்றே நினைத்தாள். கதவுப் பூட்டு கழன்று காலடியில் டணாரென்று விழுந்தபோதுதான் நிமிர்ந்தாள். பூட்டு இருந்த ஓட்டையில்... ஒரு கண்!

அம்மா போன மூன்று வருஷத்தில் அந்தக் கதவை யாரும் தட்டியதில்லை. முதலில் வந்தவன் உடைத்துக்கொண்டு வருகிறான்!

"ஐயோ... வீடு காலி, பூட்டை மாத்துன்னு வீட்டுக்காரர் சொன்னாரே!"

"அப்ப நான் என்ன, பேயா?"

"பேய்க்கு இவ்வளவு அழகான கண்ணு இருக்காதுங்க..."

"கண்ணு இருக்கட்டும். கோர்ட் உத்தரவு எங்க? அது இல்லாம, நான் குடியிருக்கிற வீட்டுப் பூட்டுல கை வைக்க அவருக்கே உரிமை கிடையாது!"

"இருக்குன்னாரு... வாங்கிப் பார்க்கல. தப்பு என்னோடதுதாங்க."

கோர்ட் ஐந்து மணிக்கு மூடிவிடும். தடை உத்தரவு வாங்க அவள் ஓடவேண்டும். பூட்டாத வீட்டை விட்டுப் போனாலோ, வீட்டுக்காரர் சாமான்களைத் தெருவில் வீசிவிடுவார்.

"போயிட்டு வாங்க. நான் காவல் இருக்கேன்."

"ஆட்டுக்கு ஓநாய் காவலா? நீங்க அவர் ஆளு!"

ஓட்டை வழியே ஒரு சாவி நீண்டது. "என் வீட்டுச் சாவி. நான் துரோகம் பண்ணினா அங்க போய்க் குடியிருங்க."

முறைத்தாள்... பிடுங்கிக்கொண்டு ஓடினாள்.

உத்தரவோடு திரும்பியபோது அவன் வாசலை அடைத்து உட்கார்ந்திருந்தான். சட்டைப்பை கிழிந்து தொங்கியது. வீட்டுக்காரர் நூறு கிலோ கோபத்தோடு வந்துபோன அடையாளம்! ஆனால் படியைத் தாண்டி அவன் கால்விரல்கூட உள்ளே இல்லை.

புதுப் பூட்டைப் பொருத்தி மூன்று சாவிகளையும் நீட்டினான். "குடியிருக்கிறவங்க கையிலதான் கொடுப்பேன். இனிமே உத்தரவையும் பார்த்துட்டுத்தான் கை வைப்பேன்."

"உங்க சாவி..."

"அவசரமில்லீங்க. அங்கயும் யாரும் காத்திருக்கல." தலைகுனிந்தான். "ஓட்டை வழியா ஒரு கண்ணுதான் பார்த்தேன். அதுக்கே விழுந்துட்டேன்... தினமும் வரலாமா?"

மழை திடீரென்று நின்றது. அல்லது அவள் காதுதான் அடைத்துக்கொண்டது! மூன்று சாவிகளில் ஒன்றை அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

"ஒரு நிபந்தனை. நான் உள்ள இருக்கும்போது இதைப் போடாதீங்க... தட்டுங்க. அந்தச் சத்தம் கேட்டு ரொம்ப நாளாச்சு."

அவன் வெளியே நின்று கதவைச் சாத்தினான். தட்டினான்.

முதல் தட்டிலேயே திறந்தால் மானம் போய்விடுமே... மூன்றாவது வரை பொறுத்தாள், பாவம்.