ஐந்தாவது இணைப்பு

காலை பத்து மணிக்கு அந்தத் தகரப் பட்டறைக்குள் நுழைந்ததும் கருகிய எண்ணெய் நாற்றம் டெக்னீஷியனின் மூக்கைத் துளைத்தது. வேலை என்னவோ சின்னதுதான். தகட்டை அச்சில் வைத்து அழுத்தும் நான்கு பிரஸ் மெஷின்களையும் புது ரவுட்டரில் இணைத்துவிட்டால், எங்கோ தூரத்தில் இருக்கும் இன்ஜினியர் முன்போல அங்கிருந்தே அவற்றை ஓட்டலாம்.

நான்காவது மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தவன் டெக்னீஷியனுடைய தங்கையின் கணவன். கையில் காலில் விழுந்து அவனுக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே இவன்தான்.

"மச்சான், எனக்கு முன்னாடி இருந்த ஃபிட்டர் இதுக்குள்ளதான் நசுங்கிச் செத்தான். உள்ள இருக்கிறது தெரியாம எவனோ தூரத்துலேர்ந்து ஓட்டிட்டான்."

"அதுக்குத்தான மாப்பிள்ளை, இப்ப சாவி வெச்சிருக்கு." டெக்னீஷியன் ரவுட்டரின் சாவியைத் திருப்பி உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். அது இல்லாமல் வெளியாள் யாரும் மெஷினைத் தொட முடியாது. "எமனே வந்தாலும் வாசல்லதான் நிக்கணும். தைரியமா போ."

மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே அச்சுக்குள் இடுப்புவரை நுழைந்தான்.

லேப்டாப்பில் ஒவ்வொன்றாக நான்கு மெஷின்களும் வந்துவிட்டன. பிறகு பீப் என்றது. ஐந்தாவதாக ஒன்று, பெயரே இல்லாமல், அனுமதி கேட்டது. எவனுடைய செல்போனாகவாவது இருக்கும். மறுத்தால் கத்திக் கத்தியே பிராணனை வாங்கும். எப்போதும்போல யோசிக்காமல் அனுமதித்துத் தொலைத்தான்.

நான்காவது மெஷினில் பச்சை விளக்கு எரிந்தது.

"மாப்பிள்ளை, வெளிய வா!"

"மச்சான்... உள்ளேர்ந்து யாரோ கையப் புடிச்சிருக்காங்க..."

பிரஸ் இறங்கியது.

எலும்புகள் நொறுங்கின. ரத்தம் சுடச்சுட டெக்னீஷியனின் முகத்தில் தெறித்தது. அலறிக்கொண்டே மெயின் சுவிட்சை அணைத்தான். ரவுட்டரைப் பிடுங்கித் தரையில் அடித்து உடைத்தான்.

மறுபடி இறங்கியது.

மறுபடி.

வெளியே உதறிக்கொண்டிருந்த கால்கள் அடங்கிய பிறகுதான் அதுவும் அடங்கியது.

சாவி அவன் பையிலேயே இருந்தது. அது வெளியாளைத்தான் தடுக்கும். இதுவோ அந்த ஃபிட்டர் நசுங்கிய நாளிலிருந்தே உள்ளேயே இருந்திருக்கிறது. தலையில் அடித்துக்கொண்டு அழுதான். தங்கையின் முகத்தில் இனி எப்படி விழிப்பான்?

பீப்.

ரவுட்டர் சுக்குநூறாகக் கிடக்க, லேப்டாப்பில் ஆறாவதாக ஒன்று அனுமதி கேட்டது.

மூடிய அச்சுக்குள்ளிருந்து பழகிய குரல் ஒன்று மெல்லக் கெஞ்சியது.

"அனுமதி குடு மச்சான்... உள்ள ரெண்டு பேருக்கு எடம் பத்தல."