மூச்சு எட்டும் தூரம்

குழாய் திறந்தது, தண்ணீர் ஓடியது, குழாய் மூடியது. சோப்பு வாசனை மட்டும் வரவில்லை.

டீச்சர் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்தபடி மூச்சை இழுத்து மோந்து பார்த்தாள். பள்ளிக்கூடத்தில் உண்மையிலேயே டீச்சர்தான். புற்றுநோய்க்கு மருந்து ஏற்றத் தொடங்கியதிலிருந்து அவள் வீட்டுக்காரரும் கேலியாக அப்படியே கூப்பிடுகிறார். அந்த மருந்து முடியைக் கொண்டுபோனது போதாதென்று ரத்தத்திலிருந்த வெள்ளை அணுக்களையும் வழித்துத் துடைத்துவிட்டது. இந்த வாரம்தான் ரொம்பக் குறைவாக இருக்கும், சாதாரணச் சளிகூட உயிருக்கு உலை வைத்துவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் வீட்டில் அவள் வைத்ததுதான் சட்டம். வெளியிலிருந்து வருகிறவர் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், முகக்கவசம் போட வேண்டும், கதவோரத்து நாற்காலியைத் தாண்டி வரக் கூடாது. பாவம், பஸ் ஓட்டுகிற மனிதர், நாளெல்லாம் ஊர்ப்பட்ட இருமலுக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டு வருகிறவர், முணுமுணுக்காமல் எல்லாம் செய்தார். "கை ரேகையே அழிஞ்சிடும் போலிருக்கு டீச்சர்" என்பதோடு சரி.

கதவு தள்ளப்பட்டது. அவர் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். அதே உயரம், அதே நீலச் சட்டை, கண்ணுக்குக் கீழே முழுக்க வெள்ளை முகக்கவசம். அந்த முகத்தைப் பக்கத்தில் முழுதாகப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று என்று அவளுக்கு ஏக்கமாக இருந்தது. விளக்குப் போடாத சாயங்கால அறையில் அவர் கண்கள் இருக்கும் இடம்கூடச் சரியாகத் தெரியவில்லை.

"சோப்பு தீந்துடுச்சா?"

தலை அசைந்தது. ஆமாமா, இல்லையா, தெரியவில்லை.

"என்ன, பேச மாட்டீங்களா? கோவமா?"

முகக்கவசத்தின் துணி உள்ளே ஒட்டியது, வெளியே உப்பியது, மறுபடி ஒட்டியது. ஈரத்தோடு மூட்டை கட்டி மறந்துபோன துணியின் முடை நாற்றம் மெல்ல அறையெங்கும் பரவியது. நாற்காலி தரையில் கிறீச்சிட்டது. கொஞ்சம் முன்னால் வந்திருந்தது.

"தள்ளி உக்காருங்கன்னு எத்தனை தடவை சொல்றது?"

மறுபடியும் கிறீச்.

அவளுக்கு நாற்றம் தாங்கவில்லை. காற்று வேண்டும் என்று எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனாள். கண்ணாடி வழியாகக் கீழே பார்த்தாள்.

வாசலில் வீட்டுக்காரர் அப்போதுதான் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து அவளைப் பார்த்ததும் இரண்டு உள்ளங்கைகளையும் தூக்கிக் காட்டினார். தினமும் செய்கிற விளையாட்டுதான்: இன்னும் கழுவலை, திட்டாதே. சிரித்தபடி உள்ளே நுழைந்தார்.

பின்னால் நாற்காலி கிறீச்சிடவில்லை. அதில் உட்கார்ந்திருந்தது எழுந்துவிட்டது.

அவளுடைய மொட்டைப் பிடரியில் காய்ச்சல் சூட்டோடு ஒரு மூச்சு பட்டது. கத்த நினைத்து வாயைத் திறந்தவள் சட்டென்று மூடிக்கொண்டாள். கத்த வேண்டுமென்றால் மூச்சை இழுக்க வேண்டும். இழுத்தால் வருவது அதன் மூச்சு.

திரும்பினாள்.

காதோரத்தில் நாடா இல்லை. முடிச்சு இல்லை. வெள்ளைத் துணி கன்னத்தில் முடியவே இல்லை. அதுதான் தோல். நடுவில் ஓர் ஈர வட்டம். அது அகன்றது. நைந்தது.

குளியலறையிலிருந்து குரல் வந்தது. "வந்துட்டேன் டீச்சர். இன்னைக்கு பஸ்ல ஒரே இருமல். ரெண்டு தடவை கழுவிட்டு வரேன், சரியா?"

தண்ணீர் ஓடத் தொடங்கியது. அவர் நன்றாகத்தான் தேய்ப்பார். ஒவ்வொரு விரலாக. அவள் சொல்லிக்கொடுத்தபடி.

மார்பு எரிந்தது. கண் இருட்டியது. உதட்டை இறுகக் கடித்தாள்.

ஈரம் பிளந்து ஒரு வாயானது. இருமவில்லை. பேசவில்லை. அவள் வாய்க்கு நேரே குனிந்து, அகலத் திறந்து, அவளாகவே மூச்சு இழுக்கட்டும் என்று பொறுமையாகக் காத்திருந்தது.