அண்ணே என்று அழைத்தவர்கள்

ஒரே ஒரு எழுத்துதான் குறைந்திருந்தது. ‘அவன் சொல்றதுதான் சரி’ என்று வரவேண்டிய இடத்தில் ‘அவ சொல்றதுதான் சரி’ என்று இருந்தது. மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு, ஃபிரிட்ஜின் உறுமலைத் தவிர வேறு சத்தமில்லாத வீட்டில், விரலில் இன்னும் போகாத பித்தளை வாடையோடு கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தவள் அந்த வரியில் நின்றாள். கை தவறியிருப்பான், இவன்களுக்கு ஒற்றெழுத்து என்றாலே ஒவ்வாமை என்று நினைத்துக்கொண்டாள்.

பூட்டு வேலைக்காரர்களின் அந்த இணையக் குழுவில் எட்டு வருடமாக அவள் ‘சாவி அண்ணே’. ஒரு பொய்கூடச் சொன்னதில்லை. வந்தேன், வெட்டினேன், திறந்தேன் என்று எழுதினால் தமிழில் ஆணா பெண்ணா என்று யாருக்குத் தெரியும்? இவ்வளவு தெரிந்த ஆள் ஆணாகத்தான் இருக்க வேண்டும் என்று ஆயிரத்து இருநூறு பேரும் தாங்களாகவே முடிவுகட்டிக்கொண்டார்கள். ‘பொம்பள கைக்குப் பூட்டு வேலை வராது, பொறுமை கிடையாது’ என்று எழுதுகிறவன் அடுத்த வரியிலேயே அவளிடம் சந்தேகம் கேட்பான். அந்த அறிவுக்கொழுந்துக்கும் அவள் பதில் சொல்வாள். கடையில் அரமும் கையுமாக நிற்கும்போதே ‘ஆள் இல்லையாம்மா?’ என்று கேட்கிறவர்களைப் பார்த்து அலுத்தவளுக்கு, வேலைக்கு மரியாதை கிடைத்த ஒரே இடம் அதுதான்.

சாவியின் பல்லைக் காட்டுவதும் சாவியைக் கொடுப்பதும் ஒன்று. அதை அந்தக் குழுவில் நூறு முறை எழுதியவளே அவள்தான். ஆனால் ‘கில்லாடி’ என்று பெயர் வைத்துக்கொண்டு திரியும் ஒருவன், இந்த வகைச் சாவியைக் கையால் வெட்டவே முடியாது என்று நேற்று அடம்பிடித்தான். அவள் தன் வாசல் பூட்டுக்கே ஒரு சாவியை அரத்தால் வெட்டி, விரலிடுக்கில் பிடித்துப் படமெடுத்துப் போட்டுவிட்டாள். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். பழமொழியில்கூட நமக்கு இடமில்லை.

மேலே படித்தாள்.

‘படத்தைப் பெருசாக்கிப் பாருங்க. கட்டைவிரல்.’

‘ஆமா. பொம்பள விரலு.’

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சாவியைப் பார்க்கச் சொன்னால் விரலைப் பார்க்கிறார்கள். அதற்குக் கீழே ஓர் உள்ளங்கை, அதில் புதிதாக வெட்டிய சாவி. ‘நானும் வெட்டிட்டேன்.’ மூன்றாவது பல் ஆழம் போதாது, உதவாக்கரை. அடுத்து இன்னொரு உள்ளங்கை. அதற்கடுத்து இன்னொன்று. யாரும் கிண்டல் செய்யவில்லை, யாரும் திட்டவில்லை, அதுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை. நாற்பதாவது உள்ளங்கையில் இருந்த சாவியில் ஒரு குறையும் சொல்ல முடியவில்லை.

அதன் கீழே ஒருவன் எழுதியிருந்தான். ‘போன வருஷம் குழுப் போட்டியில ஜெயிச்சதுக்கு அண்ணனுக்கு அரம் அனுப்பினோம்ல. அட்ரஸ் போட்ட கூரியர் ரசீது எங்கிட்ட பத்திரமா இருக்கு. மூணாவது மாடி.’

தங்கைக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னாள்.

“அந்தக் கூட்டத்த விட்டு வெளிய வான்னு எத்தன தடவ சொன்னேன்?”

“என்னவிட வேலை தெரிஞ்சவன் ஒருத்தன் அங்க இல்ல. நான் எதுக்குடி வெளிய வரணும்?”

“சரி, வம்பு பேசாத. கதவச் சாத்திட்டு இரு. ஒரு மணி நேரத்துல வந்துடுறேன்.”

ஒரு மணி நேரம் எதற்கு? பூட்டில் சாவி நுழையும் உருளையை மாற்ற நான்கு நிமிடம் போதும். பிறகு அந்த நாற்பது சாவியாலும் அவரவர் காது குடையலாம். மேல் தாழ்ப்பாளைப் போட்டாள். பெட்டியிலிருந்து புது உருளையை எடுத்து வைத்தாள். திருகாணியைக் கழற்றிப் பழையதை உருவினாள். கதவில் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு ஓட்டை விழுந்தது, அதன் வழியே படிக்கட்டின் வெளிச்சமும் ஈரச் சிமெண்ட் வாடையும் உள்ளே வந்தன.

புது உருளையை எடுக்கக் குனிந்தாள்.

வெளிச்சம் நின்றுவிட்டது.

ஓட்டை வழியே ஒரு விரல் உள்ளே வந்தது. அவசரமில்லாமல் ஒரு சுற்று தடவிப் பார்த்துவிட்டு வெளியே போனது. வெளிச்சம் வந்தது. போனது. வேறு விரல். நகத்தில் எண்ணெய்க் கறுப்பு. அதுவும் தடவியது. போனது. அடுத்தது தடிமன். அடுத்ததில் மோதிரம்.

யாரும் பேசவில்லை. யாரும் தள்ளவில்லை.

அவள் புது உருளையை ஓட்டைக்குள் செருகப் போனாள். விரல் இருந்தது. போகவில்லை.

காலடியில் வைத்திருந்த கைபேசி அதிர்ந்தது. குழுவில் புதுச் செய்தி.

‘மேல தாழ்ப்பாள் போட்டிருக்கா. எப்படி அண்ணே?’

அண்ணே. இப்போதும் அண்ணே. பதிலுக்குக் காத்திருப்பதாகத் திரை காட்டியது. அவள் எழுதவில்லை. எழுத வேண்டியிருக்கவும் இல்லை. மூன்று வருடத்துக்கு முந்தைய அவளது பதிவை எவனோ தேடியெடுத்துப் போட்டான். உள்ளே மாட்டிக்கொண்ட குழந்தையை மீட்பது எப்படி. உருளைத் துளை வழியே கம்பி. முதல் வளைவு இரண்டு விரற்கடை. கொக்கி மேல் நோக்கி. பொறுமை முக்கியம்.

‘நன்றி அண்ணே.’

‘நன்றி அண்ணே.’

‘நன்றி அண்ணே.’

விரல் வெளியே போனது.

கம்பி வந்தது. மெல்லியது. முதல் வளைவு சரியாக இரண்டு விரற்கடை. கொக்கி மேல் நோக்கி. கதவின் மரத்தில் எங்கும் படாமல் ஏறியது. அவள் முகத்தைத் தாண்டி ஏறியது. ஒரு தப்பும் இல்லை. அவளே செய்திருந்தாலும் இப்படித்தான் செய்திருப்பாள்.

தாழ்ப்பாள் அசைந்தது.

வெளியே, படிக்கட்டின் அடிவரைக்கும், செருப்புகள் மெல்லத் தேயும் சத்தம். வரிசை ஒரு படி முன்னே நகர்ந்தது.