அம்மா தொப்பி போடாத நாள்

மைனா என்பது வீட்டில் வைத்த பெயர். பிறகு அதுவே பள்ளிக்கூடத்திலும் ஒட்டிக்கொண்டது. வாய் ஓயாமல் பேசுகிறவளுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? ஆனால், அந்தச் செவ்வாய்க்கிழமை அவள் பேசியதிலேயே மோசமானது மூன்றே மூன்று சொற்கள்தான்.

மைனாவின் அம்மாவுக்குத் தகரக் கூரை போடும் வேலை. புதுத் தகடுகளை வரிசையாக அடுக்கி, திருகாணி வைத்து முடுக்க வேண்டும். வெயில் பட்டால் அவை கண்ணாடி மாதிரி பளபளக்கும்.

"ஊருக்கெல்லாம் ஒரு சூரியன். எனக்கு மட்டும் ரெண்டு," என்பாள் அம்மா. "மேல இருக்கிறவனைத் தொப்பி பாத்துக்கும். தகட்டுல இருக்கிறவன் பொல்லாதவன். தாடைக்கு அடியில வந்து சுடுவான்."

அதனால் வேலை நாட்களில் அம்மா பார்க்க வேடிக்கையாக இருப்பாள். அப்பாவின் பழைய முழுக்கைச் சட்டை. குடை அளவுக்கு ஓர் ஓலைத் தொப்பி. அது பறக்காமலிருக்கப் பச்சைத் துணியால் ஒரு கட்டு. மூக்கு, கன்னம், தாடைக்கு அடியில் எல்லாம் வெள்ளை வெளேரென்று சன்ஸ்க்ரீன்.

"என்னம்மா, சுண்ணாம்பு அடிச்சாச்சா?" என்று மைனா கேட்பாள்.

"முதல் பூச்சுதான் ஆச்சு. இன்னொரு பூச்சு பாக்கி," என்பாள் அம்மா.

வீட்டுக்குள் அது நல்ல சிரிப்பு.

செவ்வாய்க்கிழமை அம்மாவுக்கு மைனாவின் பள்ளிக்கூடத்திலேயே வேலை. சைக்கிள் கொட்டகையின் கூரையை மாற்ற வேண்டும். மைனாவின் வகுப்போ மாடியில். ஜன்னலைத் திறந்தால் நேர் கீழே கொட்டகை. டீச்சர் வர இரண்டு நிமிடம் தாமதமானது. அந்த இரண்டு நிமிடம் போதாதா?

"டேய், ஓடி வாங்கடா!" என்று ஜன்னலிலிருந்து கத்தினான் ரேடியோ. வகுப்பில் எந்தச் செய்தியும் அவன் வாயிலிருந்துதான் முதலில் வரும். "நம்ம கொட்டகைக்குச் சோளக்கொல்லை பொம்மை வந்திருக்கு! காக்கா வராம பாத்துக்குமாம்!"

வகுப்பே ஜன்னலில் முட்டிக்கொண்டு சிரித்தது. கூட்டத்தில் மைனாவும் இருந்தாள். அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது என்பதுதான் கொடுமை.

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். மைனாவைக் கண்டதும் முகமெல்லாம் பல்லாகக் கையை ஆட்டினாள்.

"ஏய் மைனா, உன்னைப் பாத்துத்தான் கையாட்டுறாங்க," என்றான் ரேடியோ. "யாரு அது?"

மைனாவின் காதுமடல் சுட்டது.

"எனக்கு அவங்களைத் தெரியாது," என்றாள்.

ஜன்னல் திறந்திருந்தது. அம்மாவின் கை அந்தரத்தில் அப்படியே நின்றது. பிறகு, தொப்பியைச் சரிசெய்யத்தான் தூக்கியது போல, மெல்லத் தொப்பியைத் தொட்டு இறங்கியது.

அன்று மாலை அம்மா அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. திட்டினால்கூடத் தேவலை என்றிருந்தது மைனாவுக்கு.

மறுநாள் காலை ஓலைத் தொப்பி ஆணியிலேயே தொங்கியது. அம்மா அரைக்கைச் சட்டையில் கிளம்பினாள். முகத்தில் ஒரு பொட்டு வெள்ளை இல்லை.

"தொப்பி போடலையாம்மா?"

"இன்னிக்கு மேகமா இருக்குமாம்."

மைனா வானத்தைப் பார்த்தாள். மருந்துக்குக்கூட ஒரு மேகம் இல்லை. 'போட்டுக்கோம்மா' என்று சொல்ல வாய் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள். மனசுக்குள் ஒரு மூலையில், அப்பாடா என்றிருந்தது.

வகுப்பில் ரேடியோ எட்டிப் பார்த்தான். "ச்சே, பொம்மையைக் காணோம். வேற யாரோ வந்திருக்காங்க," என்று உதட்டைப் பிதுக்கினான்.

யாரும் சிரிக்கவில்லை. மைனாதான் அடிக்கடி ஜன்னலைப் பார்த்தாள். பதினோரு மணிக்கு அம்மா புறங்கையால் நெற்றியை மறைத்துக்கொண்டாள். பன்னிரண்டு மணிக்குக் கழுத்தைத் தொட்டுவிட்டுச் சட்டென்று கையை எடுத்தாள். கணக்குப் புத்தகத்தில் எல்லா எண்களும் ஒன்றாகத் தெரிந்தன.

மாலையில் அம்மா குழாயடியில் குனிந்தாள். முகத்தில் தண்ணீர் பட்டதும், "ஸ்ஸ்..." என்றாள். மூக்கு நுனி கன்றிச் சிவந்திருந்தது. தாடைக்கு அடியில் சின்னச் சின்னக் கொப்புளங்கள்.

"என்ன இது, இப்படி வெந்து போயிருக்கு?" என்று பதறினார் அப்பா.

"தொப்பியை மறந்துட்டேன்," என்றாள் அம்மா.

மூன்று வருடமாக ஒருநாளும் மறக்காதவள். மைனா தட்டில் இருந்ததைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

அடுத்த நாள் காலையும் தொப்பி ஆணியிலேயே இருந்தது. அம்மா முன்னாலேயே போய்விட்டிருந்தாள். மைனா சட்டையையும் சன்ஸ்க்ரீனையும் பைக்குள் திணித்தாள். தொப்பி எப்படி மடக்கினாலும் உள்ளே போகவில்லை. வேறு வழியில்லை. தலையில் கவிழ்த்துக்கொண்டு நடந்தாள். பள்ளி வாசலில் நின்றவர்கள் எல்லோரும் அவளையே பார்த்தார்கள்.

கொட்டகைக்கு நேராகப் போயிருக்கலாம். ஆனால், மணி அடித்துவிட்டது. கால்களும் ஒரு சாக்குக் கிடைத்தது என்று வகுப்புக்கே ஓடின.

"தொப்பியைக் கழட்டும்மா," என்றார் கணக்கு டீச்சர்.

ரேடியோ கண்ணை அகல விரித்தான். "இது அந்தப் பொம்மையோட தொப்பியாச்சே! உனக்கு எப்படிக் கிடைச்சுது?"

மைனா எழுந்து நின்றாள்.

"டீச்சர், அது பொம்மை இல்ல. எங்கம்மா. எங்கம்மாவைத் தெரியாதுன்னு நான்தான் பொய் சொன்னேன். நேத்து தொப்பி இல்லாம வேலை செஞ்சு முகமெல்லாம் வெந்து போச்சு. இதைப் போய்க் கொடுத்துட்டு வரட்டுமா?"

ரேடியோ தலையைக் குனிந்துகொண்டு பென்சிலைச் சீவத் தொடங்கினான். அது ஏற்கெனவே சீவிய பென்சில்.

"சீக்கிரம் போ," என்றார் டீச்சர்.

தொப்பியும் பையுமாக ஏணிக்கு அடியில் நின்று மைனா கூப்பிட்டாள். "அம்மா! அம்மா! கீழ வா!"

அம்மா இறங்கி வந்தாள். வந்ததும் ஜன்னலைத்தான் பார்த்தாள். "இதெல்லாம் எதுக்குடி? உன் கூட்டாளிங்க பாக்குறாங்க."

"பாக்கட்டும். முகத்தைக் காட்டு."

கொப்புளத்தில் படாமல், சுற்றிலும் மெதுவாகச் சன்ஸ்க்ரீனைத் தடவினாள். கழுத்து, கன்னம், காதுமடல். எரிந்திருக்கும். அம்மா கண்ணை மட்டும் சுருக்கினாள்.

"செவ்வாய்க்கிழமை நான் சொன்னது உனக்குக் கேட்டுச்சாம்மா?"

"கேட்காம? தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும். வாய்ப்பாடு சொல்றப்போ மட்டும் அந்தச் சத்தம் வர்றதில்ல."

மைனாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். "இனிமே சொல்ல மாட்டேன்மா."

"எதை? வாய்ப்பாட்டையா?"

"அம்மா!"

அம்மா தொப்பியைத் தலையில் வைத்து, பச்சைத் துணியை இழுத்து முடிச்சுப் போட்டாள். முழுக்கைச் சட்டையில் கையை நுழைத்தாள். "சரி, வகுப்புக்கு ஓடு. தகடு சூடாகுறதுக்குள்ள ரெண்டு வரிசை முடிக்கணும்."

அம்மா மேலே ஏறி முடிக்கும்வரை மைனா ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு, விரலில் மிச்சமிருந்த வெள்ளையைப் பார்த்தாள். துடைக்க மனம் வரவில்லை. தன் மூக்கில் பூசிக்கொண்டு வகுப்புக்குள் நுழைந்தாள்.

"மைனா, மூக்குல என்னமோ வெள்ளையா இருக்கு, துடைச்சுக்கோ," என்றார் டீச்சர்.

"இருக்கட்டும் டீச்சர். அடுத்த பீரியட் வெயில்ல விளையாட்டு," என்று சொல்லிவிட்டு மைனா போய் உட்கார்ந்தாள், ஜன்னலோர இடத்தில்.